சீவலுக்கு ஒரு மறைப்பு

மயிர் கருகும் மணம் வந்தபோது நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கோழி வாட்டினால் வருமே, அந்த மணம். அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் கோழிக்கு இடமில்லாத நாள்.

குசினிக்கும் இவருடைய பட்டறைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். எட்டிப் பார்த்தேன். லேத் மெசின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்க, இவர் வலது புருவத்தை உள்ளங்கையால் அடித்துக்கொண்டு நின்றார். காலடியில் நீலம் பாரித்த இரும்புச் சீவல் ஒன்று, உடைந்த முறுக்குத் துண்டு மாதிரிச் சுருண்டு கிடந்து புகைந்தது.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

"என்ன வேலை பாக்கிறீர்? தண்டு பாதியில நிக்குது!" என்றார்.

"கண்ணுக்கு என்ன?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லை. புருவத்தில கொஞ்சம். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. சுவிட்சைப் போடும்."

புருவத்தில் கொஞ்சமல்ல, பாதி போயிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை கீழேதான், இந்த உலகத்தைப் பார்க்க அந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒரே கண் இருந்தது. இடது கண் போய்ப் பல காலம். அந்த இமை எப்போதும் மூடியே இருக்கும்.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு லேத் மெசினுக்கு முன்னால் நிற்கிற மனிதருக்கு ஒரு மறைப்புக் கூட இல்லையே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு முன் ஏன் உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். நான் கணக்குப் படிப்பித்தவள். எங்களுக்குப் பிழை பிடிக்கத் தெரியும், வரமுன் காக்கத் தெரியாது.

பேப்பரில் வரும் இந்தத் தொடரில் கணவரை இப்படி நக்கலடிக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். முப்பத்து மூன்று வருடம் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்த கை இது. சுழிக்காமல் இருந்தால் உளைகிறது. இவரும் இதை வாசிக்கிறார். போன கிழமை வந்ததை வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வீடு நல்ல அமைதியாக இருந்தது.

மெயின் சுவிட்ச் என் பக்கம்

லேத் மெசின் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இரும்புத் தண்டை வாயில் கவ்விக்கொண்டு அது சுற்றும். சுற்றும் தண்டில் உளியை அழுத்தினால் இரும்பு உரிந்து வரும். சில சீவல் நீளமாகச் சுருண்டு வரும். வார்ப்பிரும்பு என்றால் பொடிப்பொடியாகத் தெறிக்கும். எல்லாமே அடுப்புத் தணல் சூடு.

எங்களுடையது மூடிப்போன ஓர் ஆலையின் பழைய இரும்போடு கிடந்தது. ரக்ரர்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்குவதற்குப் பதினொரு பேர் வந்தார்கள். நாலு பேர் பிடித்தார்கள், ஏழு பேர் யோசனை சொன்னார்கள். மெசினோடு வந்திருக்க வேண்டிய மறைப்புகள் எந்த ஊரில் எந்தக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போயினவோ தெரியாது.

மின்சாரம் இழுத்தவர் மெயின் சுவிட்சைக் குசினிப் பக்கச் சுவரில் பூட்டிவிட்டுப் போனது கடவுள் எனக்குச் செய்த உதவி. புருவம் கருகிய அன்றே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"மறைப்புச் செய்து பூட்டுங்கோ. அதுவரைக்கும் கரண்ட் இல்லை."

"மறைப்போ? ஊர்ச்சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதைப் பாக்க உங்களுக்கு ஒரு கண் வேணுமெல்லோ."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். பாதி கெட்டவர் பாதி நமஸ்காரமாவது செய்ய வேண்டாமா?

கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஒருமுறை வெள்ளை வாகனத்தில் ஒரு நிறுவனத்தார் வந்து, ஊர் மண்டபத்தில் தொழிற்பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். பட்டறைக்காரர், தச்சர், ஒட்டுவேலை செய்பவர் எல்லாருக்கும் கண்ணாடியும் கையுறையும் கொடுத்தார்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு, "அடுத்த ஊருக்கும் வேணும்" என்று சொல்லி ஒரு பெட்டியில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தின்னத் தந்த ரோல்ஸ் மட்டும் ஆளுக்கு ஒன்று மிஞ்சியது. எங்கள் ஊரில் கண் பாதுகாப்பு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நடைமுறையில் இருந்தது.

தகர மறைப்பு

மூன்றாம் நாள் மனிதர் இறங்கி வந்தார். கரண்ட் இல்லாமல் கிணற்று மோட்டரும் நின்றதால், நான் கையால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். அந்த இரக்கமா, என் வாய்க்குப் பயமா தெரியாது.

முதல் மறைப்பைத் தகரத்தில் செய்தார். எங்கள் பக்கத்தில் தகரத்துக்கு என்ன பஞ்சம்? போர் முடிந்து திரும்பி வந்த காலத்தில் கூரைக்குத் தந்த தகரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வேலை பார்க்கிறது; வேலி, ஆட்டுக்கொட்டில், கிணற்று மூடி. ஒரு துண்டை வெட்டி, நெளிவுகளைச் சுத்தியலால் அடித்து நேராக்கி, விளிம்பைக் கை வெட்டாதபடி உள்ளே மடித்து, ஒரு தண்ணீர்க் குழாயில் வைத்து அரைவட்டமாக வளைத்தார். உடைந்த அலுமாரிக் கதவில் இருந்து கழற்றிய பிணைச்சலை வைத்து மெசினின் தலையில் பூட்டினார். வேலை தொடங்கமுன் முகத்துக்கு நேரே இறக்கிவிடலாம், முடிந்ததும் தூக்கிவிடலாம்.

நல்ல வேலைதான். மெசினைப் போட்டதும் கடகடவென்று ஊரையே கூப்பிட்டது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் கொடுத்ததும் அடங்கியது. சீவல் தகரத்தில் மோதிக் கீழே தட்டில் விழுந்தது. நான் திருப்தியோடு சுவிட்சைப் போட்டேன்.

ஆனால் பிரச்சினை சீவலால் வரவில்லை, சனத்தால் வந்தது.

நின்று பார்க்கிற சனம்

எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு சாமானைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போவதில்லை. கொண்டு வந்தவர் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். நெல்லுக் குத்தப் போனாலும் கடைசித் தவிடு விழும்வரை ஆலையில் நிற்பார். தையற்காரியிடம் துணி கொடுத்தாலும் வெட்டுகிறபோது பக்கத்தில் நிற்பார். வெளியூர்க்காரர் இதைச் சந்தேகப்புத்தி என்பார்கள். கொடுத்துவிட்டு வந்தது திரும்பிக் கிடைத்த அனுபவம் எங்கள் சனத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இவருடைய பட்டறையிலும் தண்ணீர்ப் பம்பின் தண்டு கொண்டு வருகிறவர் தண்டோடு நிற்பார். அவரோடு வந்தவர் நிற்பார். றோட்டால் போனவர் ஏன் நிற்கிறார்கள் என்று பார்க்க வந்து நிற்பார். எல்லாருக்கும் முன்னால், சாமான் ஏதும் இல்லாமலே தினமும் வந்து நிற்கிறவர் பொன்னம்பலண்ணை. வயல்காரர். தனக்கென்று ஒரு கதிரை கொண்டு வந்து பட்டறையில் போட்டிருந்தார். ஆனால் மெசின் சுற்றத் தொடங்கினால் கதிரையில் இருக்க மாட்டார். உளிக்கும் அவருடைய மூக்குக்கும் ஒரு சாண் இருக்கும்.

தகர மறைப்பு இறங்கியதும் இவர்களுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"தவம் இப்ப மூடி வைச்சுச் செய்யிறாராம்" என்று ஒரு கதை புறப்பட்டது. தவம் என்பது இவருடைய பெயர். கதை மல்லாவிச் சந்தைக்குப் போய்த் திரும்பி வரும்போது, பழைய தண்டுக்கு மினுக்கம் போட்டுத் தருகிறாராம் என்று ஆகியிருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே மூடி போட்டதால்தான் ஊர்வாயே திறந்தது.

விசுவமடுவில் இருந்து வந்த ஒருவர், பாதி சீவிய தண்டைக் கழற்றித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார். "குறை விளங்காதேங்கோ. மூடின மெசினில எனக்கு வேலை வேண்டாம்" என்று சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே இவர் தகரத்தைக் கழற்றினார். நான் சுவிட்சை இறக்கினேன். மறுபடியும் கையால் தண்ணீர்.

இந்த இழுபறியைத் தீர்த்து வைத்தவர் நசீர் நானா. முல்லைத்தீவில் கடையும் ஒரு சின்ன அரிசி ஆலையும் வைத்திருப்பவர். பல வருடம் வெளியில் கிடந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கியவர். ஆலைக்கு ஒரு கப்பி செய்ய வார்ப்பிரும்போடு வந்தவர், எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு விசயத்தைக் கேட்டார்.

"இது ஒரு பெரிய விசயமா, ரீச்சர்? நான் கடையில கேக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே வைக்கிறன். ஈ, இலையானும் போகாது, சனத்துக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிஞ்சா நம்புவாங்க."

கேக்குக்கு இருந்த பாதுகாப்பு என் புருசனுக்கு இல்லாமல் இருந்திருக்கிறது.

ஓட்டை உள்ள கண்ணாடி

தெளிவான பிளாஸ்ரிக் தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில், வருகிறவர்களின் மூச்சுப் படாமலிருக்க, எங்கள் பள்ளிக்கூடக் கந்தோரில் கிளார்க்கின் மேசையில் நிறுத்தியிருந்தார்கள். இப்போது களஞ்சிய அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. பள்ளிக்கூட அதிபர் என்னிடம் படித்த பிள்ளை. கேட்டதும் சைக்கிளில் கட்டியே விட்டார்.

அந்தத் தகட்டின் நடுவில், கீழ்ப்பக்கமாக, கடுதாசி கொடுத்து வாங்க ஒரு அரைவட்ட ஓட்டை இருந்தது. மெசினில் பொருத்தியபோது, உளி இருக்கும் இடத்துக்கு நேரே அந்த ஓட்டை வந்து நின்றது. சீவல் வெளியே வர வாசல் வைத்த மாதிரி.

"இதுக்குள்ளால பில்லைக் குடும்" என்றார் இவர். அன்று முழுக்க அந்தப் பகிடியை வருகிற எல்லாருக்கும் சொன்னார். பொன்னம்பலண்ணை ஓட்டைக்குள்ளால் வாயை வைத்து, தபால் கந்தோரில் நிற்கிற மாதிரி, "ஒரு முத்திரை தாங்கோ" என்றார். இந்த இருவரின் வயதையும் கூட்டினால் நூற்று முப்பது வரும்.

தகட்டைத் துளைப்பது லேசல்ல. வேகமாகத் துளைத்தால் பிளாஸ்ரிக் உருகித் துளையாணியைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் வெடிக்கும். ஒரு மூலை வெடித்தே போனது. பிறகு பின்னால் பலகை வைத்து, சவர்க்காரத் தண்ணீர் விட்டு, மெதுவாகத் துளைத்தார். வெடித்த மூலையில் இருந்தே ஒரு துண்டை வெட்டி ஓட்டையை அடைத்தார். விளிம்பு முழுக்கத் தகரச் சட்டம் போட்டார். பழைய பிணைச்சலிலேயே பூட்டினார்.

உளியோடு சேர்ந்து நகரும் சின்ன மறைப்பு ஒன்றும் வேண்டியிருந்தது. அதை ஒட்டவைக்க, கோயிலில் எரிந்துபோன ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கழற்றி வந்தார். கழற்றவும் பூட்டவும் சுகம் என்று பெருமைப்பட்டார். பின்னேரம் பார்த்தால், காந்தம் சுற்றிலும் இருந்த சீவலை எல்லாம் இழுத்து வைத்து, ஒரு முழத் தாடியோடு சாமியார் மாதிரி இருந்தது. இரும்பு தெறிக்கிற இடத்தில் காந்தத்தை வைக்க இவரால் மட்டும்தான் முடியும். அடுத்த நாள் திருகாணி போட்டார்.

எப்படியோ ஒரு மறைப்பு வந்தது. உள்ளே நடப்பது வெளியே தெரிந்தது. விசுவமடுக்காரர் பாதித் தண்டோடு திரும்பி வந்தார். எனக்கும் தண்ணீர் அள்ளுவது நின்றது.

ஒரே ஒரு ஆள் மட்டும் அடங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்ப்பது பொன்னம்பலண்ணைக்குப் போதாது. பக்கவாட்டில் தலையை நுழைத்தார். சில வேளை மறைப்பையே தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் தடுத்துச் சொன்னால், "ஷெல்லடிக்குள்ளால நடந்து வந்த எங்களுக்கு உந்தச் சீவலோ, ரீச்சர்?" என்பார். நிற்கிற எல்லாரும் தலையாட்டுவார்கள். இவரும்தான்.

இவர் ஏன் தலையாட்டினார் என்பதை விளக்க, இடது கண்ணின் கதைக்குப் போக வேண்டும்.

ஒரு பிளேன்ரீயும் ஒரு கண்ணும்

இவருடைய இடது கண் ஷெல்லில் போகவில்லை. சீவலில் போனது.

இளந்தாரிக் காலத்தில், யாழ்ப்பாணத்தில், தகப்பனுடைய பம்பின் தண்டைக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல நின்று பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வரும்போது ஒரு கண்தான். பிறகு அதே மெசினிலேயே தொழில் பழகினார், பழி வாங்கவோ என்னவோ. கலியாணம் பேசி வந்தபோது இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகத்தான் கட்டினேன். அதற்குப் பிறகு இவரிடம் அவ்வளவு நேர்மையை நான் கண்டதில்லை.

நாங்கள் முன்னர் மல்லாவிப் பக்கம் இருந்தவர்கள். எல்லாம் முடிந்து திரும்பியபோது எனக்கு முள்ளியவளையில் வேலை கிடைத்து, இங்கே வந்து குடியேறினோம். இங்கே யாருக்கும் இவரை முன்பின் தெரியாது. வன்னியில் ஒரு மனிதனுக்கு ஒரு கண் இல்லையென்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்பார்கள்.

வந்த புதிதில், கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒருவர் திரும்பி இவருடைய முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பை விழுந்தது. "நீ உயிரோட இருக்கிறியே!" என்று இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர்தான் பொன்னம்பலண்ணை. ஷெல்லில் கண் போய், முகமெல்லாம் இரத்தமாய்க் கிடந்த ஓர் ஆளைத் தான் தூக்கிச் சுமந்ததாகவும், அந்த ஆள் இவர்தான் என்றும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் சொன்ன விளக்கம் இது: "இல்லையெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அதுக்குள்ள தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போட்டார்."

ஒரு பிளேன்ரீக்காகத் தன் கண்ணின் சரித்திரத்தையே மாற்றி எழுத விட்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

பிறகு அந்தச் சரித்திரத்தில் சுகம் கண்டுவிட்டார். கோயில் திருவிழாவில் முன்வரிசை. எங்கே போனாலும் "அவரை முதலில விடுங்கோ". யாராவது ஷெல்லடியைப் பற்றிக் கதைத்தால் இவருடைய கை தானாக இடது இமைக்குப் போகும். பொய் சொல்லவே இல்லை, பாருங்கள். தடவுவது மட்டும்தான். ஷெல்லுக்கு ஒரு கண்ணைக் கொடுத்த மனிதர் பொடிச் சீவலுக்குப் பயந்து மறைப்புப் போட்டால் மரியாதை என்னாவது? இத்தனை காலமும் மெசின் மொட்டையாக நின்ற காரணம் அதுதான்.

பொன்னம்பலண்ணையின் கதையோ வருடா வருடம் வளர்ந்தது. முதலில், சந்தியில் இருந்து ஆலமரம்வரை தூக்கினார். அடுத்த வருடம் ஆலமரத்தைத் தாண்டினார். பிறகு அரைக் கட்டை, ஒரு கட்டை; மைலைத்தான் எங்கள் பக்கத்தில் கட்டை என்போம். கடைசியாக நான் கேட்டபோது ஒன்றரைக் கட்டை. இந்த வீதத்தில் போனால் எழுபது வயதில் இவரை வவுனியாவில் கொண்டுபோய் இறக்குவார் என்று கணக்குப் போட்டு, நானும் இவரும் குசினியில் இருந்து சிரித்திருக்கிறோம். மனிதர் சுத்தப் புளுகர் என்பது என் முடிவு. ஒரு தேத்தண்ணிச் செலவில் ஊரில் வீரனானவர்.

சாட்சிப் படம்

நசீர் நானாவின் கப்பியைச் சீவிய காலை. நானா கண்ணாடிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வார்ப்பிரும்பு சரசரவென்று கண்ணாடியில் தெறித்தது.

பொன்னம்பலண்ணை மறைப்பைத் தூக்கினார்.

"அண்ணை, விடுங்கோ" என்றார் இவர்.

"ஒன்றரைக் கட்டை உன்னைச் சுமந்தவன்ரா நான். எனக்கு உதுவோ..."

சொல்லி முடிக்கவில்லை. "அம்மா!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து கையை விலக்கிப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே, இமை மயிர் முடிகிற இடத்தில், ஒரு கரும்புள்ளி. ஒரு துளி இரத்தம்.

எனக்குக் கோபம் வந்தது. பொன்னம்பலண்ணையில் அல்ல, இவரில்.

"சொல்லுங்கோ. இண்டைக்கு நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன். இந்த மனிசனுக்கும் கண் போனாப் பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை."

இவர் உளியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"பொன்னம்பலண்ணை, என்ர கண் ஷெல்லில போகேல்லை. இப்பிடித்தான் போனது. நானும் உங்களைப் போல நிண்டு, குனிஞ்சு பாத்தனான். யாழ்ப்பாணத்தில. அப்ப எனக்கு இருபது வயசும் இல்லை."

பொன்னம்பலண்ணை சிரித்தார். "உனக்கு ஞாபகமில்லை. நீ மயங்கிக் கிடந்தனி."

"இல்லையண்ணை. நீங்கள் தூக்கினது என்னை இல்லை."

"விசர்க்கதை கதையாதை."

நான் நிரூபணம் இல்லாமல் ஒரு விடையையும் ஏற்றுக்கொள்ளாதவள். உள்ளே போய்ச் சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். எங்களிடம் இருந்த படம் போய்விட்டது. இது வெளிநாட்டில் இருக்கும் தங்கை தன் பிரதியைப் பெருப்பித்து அனுப்பியது. மாலையும் தலைப்பாகையுமாக இவர். இடது இமை மூடியிருந்தது. பக்கத்தில் நான், இப்போதைய எடையில் பாதி.

பொன்னம்பலண்ணையின் கையில் கொடுத்தேன். கொடுத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு பெரிய புளுகைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோசம்.

அவர் படத்தைக் கிட்டவும் தூரவும் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது, ரீச்சர்?"

"எல்லாத்துக்கும் முன்னம். அந்த ஷெல்லடிக்கும் இருபது வருசம் முன்னம்."

உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். கதிரையில் மெதுவாகச் சாய்த்து வைத்தார். கன்னத்தில் இரத்தம் காயாமல் இருந்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

"அப்ப நான் தூக்கினது ஆரை?"

நசீர் நானா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ரீச்சருக்கு விடை தெரியும் என்று நினைத்திருப்பார். இத்தனை வருடமும் அவர் தினமும் வந்து மெசினைப் பார்க்கவில்லை, தான் காப்பாற்றிய மனிதன் உயிரோடு நிற்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மனிதனை நான் ஒரு படத்தைக் காட்டி இல்லாமல் செய்துவிட்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"அண்ணை, அது நானாத்தான் இருக்கும். எனக்கு ஞாபகம் பிசகியிருக்கும்" என்றார் இவர். ஒரு கண்ணால் அழத் தொடங்கியிருந்தார்.

"வேண்டாம், தவம்" என்று சொல்லிவிட்டுப் பொன்னம்பலண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை.

அவர் எழுதச் சொன்னது

பொன்னம்பலண்ணை இரண்டு நாள் வரவில்லை. இவர் மெசினைப் போடவில்லை, நான் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணை வந்தார். பட்டறைக்குப் போகாமல் குசினி வாசலில் நின்றார்.

"ரீச்சர், நீங்கள் கிழமைக்குக் கிழமை பேப்பரில எழுதுறீங்களாம்."

"ஓம், அண்ணை."

"அப்ப இதையும் எழுதுங்கோ. ஆராவது வாசிப்பினம்."

கொப்பியை எடுத்தேன். அவர் நின்றபடியே சொன்னார். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை.

"நீலச் சாரம். வெள்ளைக் கோடு போட்டது. மேலுக்குச் சேட் இல்லை. இடப்பக்கக் கண். முகத்தைத் துவாயால சுத்தியிருந்தது, அதால முகம் பாக்கேல்லை. மெலிஞ்ச ஆள், பெரிய பாரமில்லை. ஒன்றரைக் கட்டை எல்லாம் இல்லை, ரீச்சர். ஒரு நாலு பனை தூரம்தான். அதுக்கு மேல எனக்கு ஏலாமப் போச்சு. இறக்கி வைச்சிட்டன். ஒரு ரக்ரரில ஆக்களை ஏத்திக்கொண்டு நிண்டவை. ஏத்தியிருப்பினம் எண்டு நினைச்சுக்கொண்டு நான் என்ர பிள்ளையளைத் தேடி ஓடிட்டன். திரும்பிப் பாக்கேல்லை."

நான் எழுதி முடிக்கும்வரை கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தூக்கிக்கொண்டு போகேக்கை, 'அண்ணை, என்ர செருப்பு விழுந்திட்டுது, அண்ணை, செருப்பு' எண்டு சொல்லிக்கொண்டே வந்தவர். நான் குனிஞ்சு எடுக்கேல்லை. அதையும் எழுதுங்கோ. ஆள் இருந்தா, அதை வைச்சு நான்தான் எண்டு பிடிச்சிடுவார். செருப்பை விட்டிட்டு வந்த கோவம் இருந்தா, வந்து ஏசட்டும்."